அம்புக்குறிக்கும் கொஞ்சம் உந்தம் வேண்டும்

மாணவ நண்பர்களே, விசித்திரமான ஒரு சைக்கிளைக் கற்பனை செய்து பாருங்கள். நீங்கள் மிதிக்கும் வரைக்கும் அது ஓடுகிறது. மிதிப்பதை நிறுத்தினால், அந்தக் கணமே, சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகிறது. நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்குப் போவதென்றால் ஒரு நொடிகூடக் கால் ஓயாமல் மிதித்துக்கொண்டே போகவேண்டும். அப்படி ஒரு சைக்கிளை யாராவது விற்றால் நீங்கள் வாங்குவீர்களா? "இதெல்லாம் ஒரு சைக்கிளா?" என்று கேட்டுவிட்டு, கடையை விட்டு இறங்கிவிடுவீர்கள்.

ஆனால் அதே குணமுள்ள ஒரு கருவியை நாம் எல்லாரும் முணுமுணுக்காமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். மடிக்கணினியில் விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் தொடுபலகைதான் அது. டச்பேட் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதன்மேல் விரலை இழுத்தால் திரையில் அம்புக்குறி ஓடுகிறது. விரலைத் தூக்கினால், எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தாலும், அம்புக்குறி அதே இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது.

இது இப்படித்தான் இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் கருத்து. விரலை எடுத்த பிறகும் அம்புக்குறி சிறிது தூரம் வழுக்கிச் சென்று, மெல்ல வேகம் குறைந்து நிற்கும்படியான ஒரு வசதி, மடிக்கணினிகளில் ஓடும் இயங்குதளம் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும். வேண்டுபவர்கள் அதை இயக்கிக்கொள்ளட்டும். வேண்டாதவர்கள் அப்படியே விட்டுவிடட்டும். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

பாயில் உட்கார்ந்த மாணவி

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் மேசை கிடையாது. கூடத்தில் பாயை விரித்து, அண்ணனிடமிருந்து வந்த பழைய மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கான செயல்திட்டம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். மவுஸ் வைப்பதற்குச் சமமான இடம் பக்கத்தில் இல்லை. ஆகவே தொடுபலகை ஒன்றே துணை.

திரையின் இடது ஓரத்தில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிறகு வலது மேல் மூலைக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். மறுபடியும் இடது ஓரத்துக்கு வரவேண்டும். அவள் விரல் இழுக்கிறது, தூக்குகிறது, வைக்கிறது, மீண்டும் இழுக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக நான்கு தடவை.

"என்னம்மா, அம்மியில் அரைப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருக்கிறாயே?" என்று கேட்டேன்.

"என்ன தாத்தா செய்றது? ஒரு தடவை தள்ளினா போயிடணும். இது பாதியிலேயே நின்னுடுது. எங்க கேரம் போர்டே பரவாயில்லை" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தப் பெண் சொன்னதில் ஒரு நல்ல பொறியியல் யோசனை இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கேரம் பலகை சொல்லும் பாடம்

கேரம் விளையாட்டில் ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டுகிறோம். விரல் அதைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் மிகச் சிறு பகுதிதான். அதன் பிறகு ஸ்ட்ரைக்கரைத் தள்ளுபவர் யாரும் இல்லை. ஆயினும் அது பலகையின் மறு பக்கம் வரை போய்த் திரும்புகிறது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், வேறு விசை ஒன்று தடுக்காத வரையில், இயங்கிக்கொண்டே இருக்கும். இதுவே நிலைமம். அந்தப் பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். பலகைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே உள்ள உராய்வு, உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறது. போரிக் பவுடரைத் தூவினால் உராய்வு குறைகிறது. ஸ்ட்ரைக்கர் இன்னும் தூரம் ஓடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேரம் ஆடத் தெரிந்தவருக்கு, எந்த அளவு சுண்டினால் காய் எங்கே போய் நிற்கும் என்பது கைக்கே தெரியும். அவர் எந்தக் கணக்கும் போடுவதில்லை. கோலி உருட்டும் சிறுவனும் அப்படியே. எறிந்த பொருள் எங்கே போய் நிற்கும் என்பதை நம் கையும் மூளையும் சிறு வயதிலிருந்தே பழகி வைத்திருக்கின்றன. அவ்வளவு அருமையான பழக்கம் ஒன்று கையில் இருக்க, தொடுபலகை அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் வீணாக்குகிறது. என் குறை இதுதான்.

அம்புக்குறிக்கு ஏது நிறை?

"அம்புக்குறி வெறும் ஒளிப் புள்ளிகளால் ஆன படம். அதற்கு நிறை கிடையாது. நிறை இல்லாததற்கு உந்தம் எப்படி இருக்கும்?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். மிகவும் சரியான கேள்வி! உண்மையில் அதற்கு உந்தம் கிடையாதுதான். ஆனால் இருப்பதுபோல் நடிக்க வைக்கலாம். அதற்கு முதலில் தொடுபலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போமா?

தொடுபலகையின் மேற்பரப்புக்கு அடியில் நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய மின்வாய்கள் வலைபோல் அமைக்கப்பட்டிருக்கின்றன. நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அது மேற்பரப்பில் படும்போது, அந்த இடத்தில் உள்ள மின்வாய்களின் மின்தேக்குத்திறன் சிறிது மாறுகிறது. உள்ளே இருக்கும் மின்சுற்று இந்த மாற்றத்தை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. இந்த அளவீடு வினாடிக்குச் சுமார் 100 தடவை நடக்கிறது.

பிறகு, இயக்கி எனப்படும் மென்பொருள், முந்தைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டு, விரல் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. அதை ஓர் எண்ணால் பெருக்கி, அம்புக்குறியை அவ்வளவு தூரம் நகர்த்துகிறது. விரலை எடுத்துவிட்டால் மின்தேக்குத்திறன் பழைய நிலைக்கு வந்துவிடும். "விரல் இல்லை" என்று செய்தி போகும். கணக்கும் அதோடு முடிந்துவிடும். அம்புக்குறியும் நின்றுவிடும்.

ஆகவே அம்புக்குறி நிற்பது இயற்கையின் விதியால் அன்று. யாரோ ஒரு மனிதர் எழுதிய கட்டளை வரியால் நிற்கிறது. மனிதர் எழுதியதை மனிதரே மாற்றி எழுதலாம் அல்லவா?

பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்

மாற்றி எழுதுவது மிகவும் கடினமோ என்று பயப்பட வேண்டாம். அதற்கு வேண்டிய கணிதம், பெருக்குத் தொடர் என்ற பெயரில் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

விரலைத் தூக்கும் கணத்தில் அம்புக்குறி திரையில் வினாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அது 0.3 செ.மீ. நகரும். இனி மென்பொருளுக்கு ஒரே ஒரு கட்டளை போதும்: "ஒவ்வொரு நூறில் ஒரு வினாடிக்கும், வேகத்தை முன்பிருந்ததில் 97 சதவீதமாக ஆக்கு." அப்படியானால் முதலில் 0.3 செ.மீ., அடுத்து 0.3-ஐ 0.97-ஆல் பெருக்கிய அளவு, அடுத்து அதையும் 0.97-ஆல் பெருக்கிய அளவு என்று அம்புக்குறி போய்க்கொண்டிருக்கும். முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல் காணும் முறைப்படி, முதல் உறுப்பை (1 - 0.97)-ஆல் வகுத்தால் மொத்தத் தூரம் கிடைக்கும். 0.3-ஐ 0.03-ஆல் வகுத்தால் 10. ஆக, அம்புக்குறி மேலும் 10 செ.மீ. வழுக்கிச் சென்று நிற்கும்!

நேரம்? அரை வினாடிக்குள் அந்தத் தூரத்தில் நான்கில் மூன்று பங்குக்குமேல் கடந்துவிடும். ஒரு வினாடிக்குள் வேகம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 97-க்குப் பதிலாக 95 என்று வைத்தால் 6 செ.மீ. போகும், 98 என்று வைத்தால் 15 செ.மீ. போகும். இந்த ஓர் எண்தான் நமது போரிக் பவுடர். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தால் போதும்.

இப்போது எங்கள் தெரு மாணவியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 31 செ.மீ. விரலின் ஒவ்வோர் இழுப்பும் 4 செ.மீ. என்றும், அம்புக்குறி அதைப்போல் இரு மடங்கு ஓடுகிறது என்றும் கொள்வோம். ஓர் இழுப்புக்கு 8 செ.மீ.; ஆகவே நான்கு இழுப்புகள். அதே இழுப்பின் முடிவில் மேலும் 10 செ.மீ. வழுக்கினால் ஓர் இழுப்புக்கு 18 செ.மீ.; இரண்டே இழுப்புகள் போதும். பாதி உழைப்பு மிச்சம்!

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கேரம் பலகையில் உராய்வு விசை ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், வேகத்தை இரு மடங்காக்கினால் ஸ்ட்ரைக்கர் நான்கு மடங்கு தூரம் போகும். நாம் மேலே போட்ட கணக்கிலோ, இரு மடங்கு வேகத்துக்கு இரு மடங்கு தூரம்தான். இதைக் கட்டுப்படுத்துவது இன்னும் எளிது. கணினிக்குள் நாம் அமைக்கும் உலகத்தில் உராய்வின் விதியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது எவ்வளவு சுவையான விஷயம்!

இருந்தது, தொலைந்தது

இது புதிய யோசனை என்று நான் சொல்லவில்லை. உண்மையில் இது மிகப் பழையது. 1946ஆம் ஆண்டு வாக்கில் ரால்ஃப் பெஞ்சமின் என்பவர், பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் திரைக்காக உருள்பந்து என்னும் கருவியை உருவாக்கினார். மவுஸ் தோன்றியது அதற்கும் பின்னால். டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் 1964இல்தான் அதன் முதல் மாதிரியைச் செய்தார்கள். 1952இல் கனடா நாட்டுக் கடற்படைக்காகச் செய்த உருள்பந்துக் கருவியில், பவுலிங் விளையாட்டில் உருட்டும் பந்தையே எடுத்துப் பொருத்தினார்கள்! கனமான பந்து, உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினால் கையை எடுத்த பிறகும் சுழலும். அதற்கு நிஜமான உந்தம் இருந்தது. 1980இல் வந்த மிசைல் கமாண்ட் என்னும் விளையாட்டு இயந்திரத்திலும் இப்படிப்பட்ட உருள்பந்துதான் இருந்தது.

மடிக்கணினிகள் வந்த தொடக்க காலத்திலும் சிலவற்றில் சிறிய உருள்பந்து இருந்தது. 1994இல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர்புக் 500 வரிசையில் பந்தை எடுத்துவிட்டுத் தொடுபலகையை வைத்தது. மற்றவர்களும் விரைவில் அந்த வழிக்கு வந்தார்கள். தூசி அடையாத, தேயாத, தட்டையான கருவி, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பந்து போனபோது அதன் சுழற்சியும் போய்விட்டது.

சிலர் அதை மீட்கவும் முயன்றார்கள். சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் தொடுபலகை இயக்கிகளில் ஒரு காலத்தில் உந்தம் என்று பொருள்படும் மொமென்டம் என்ற பெயரிலேயே இந்த வசதி இருந்தது. 2013இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தொடுபலகையின் கணக்கை இயங்குதளமே செய்யும் புதிய முறையைக் கொண்டுவந்தது. எல்லாக் கணினிகளிலும் தொடுபலகை ஒரே மாதிரி நன்றாக வேலை செய்ய அது உதவியது. ஆனால் தனித்தனி இயக்கிகளோடு வந்த இதுபோன்ற வசதிகள் பல அதில் இடம்பெறவில்லை. லினக்ஸ் உலகில் இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் தொடுபலகையைக் கவனித்துக்கொள்வது லிப்இன்புட் என்னும் மென்பொருள். அதிலும் அம்புக்குறியை வழுக்க வைக்கும் வசதி இல்லை.

ஆனால் வேறு இடங்களில் இதே உந்தத்தை நாம் தினமும் அனுபவிக்கிறோம். கைப்பேசியில் நீண்ட பட்டியலை விரலால் தள்ளினால், அது தானாக ஓடி மெல்ல நிற்கிறது அல்லவா? 2007இல் ஐஃபோன் வந்தபோது உலகம் முழுவதும் பார்த்து வியந்த காட்சிகளுள் அதுவும் ஒன்று. இன்று அது இல்லாத கைப்பேசியைக் காண்பதே அரிது. 2015இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் கன்ட்ரோலர் என்னும் விளையாட்டுக் கருவியில், தொடுபலகையை உருள்பந்துபோல் நடந்துகொள்ளச் செய்யும் வசதி இருக்கிறது. உராய்வு எவ்வளவு என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். விளையாடுபவருக்குக் கிடைத்த வசதி, படிக்கும் மாணவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

எதிர்க் கட்சிக்காரர் சொல்வது என்ன?

நியாயமான வாதம் என்றால் மறு தரப்பையும் கேட்கவேண்டும். இந்த வசதி வேண்டாம் என்பவர்களுக்கும் காரணங்கள் இருக்கின்றன.

"அம்புக்குறி தானாக ஓடினால், சின்னப் பொத்தானின் மேல் சரியாக நிறுத்த முடியாது" என்பது முதல் காரணம். இதற்கு உளவியலார் 1899லேயே விடை தேடித் தந்திருக்கிறார்கள். ராபர்ட் உட்வொர்த் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குறி வைத்து அசையும் கையில் இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கண்டார். முதலில் ஒரே வீச்சாகக் குறிக்கு அருகே போகிறது. பிறகு கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிறு திருத்தங்கள் செய்கிறது. உந்தம் வேண்டியது முதல் கட்டத்துக்கு மட்டுமே. இரண்டாம் கட்டத்தில் விரல் மெதுவாக நகரும். தூக்குவதற்கு முன் நின்றும் விடும். ஆகவே, விரலை எடுக்கும் கணத்தில் வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் இருந்தால் மட்டும் வழுக்கு, இல்லையேல் நில் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் போதும். நுண்ணிய வேலை கெடாது.

"ஓடிக்கொண்டிருக்கும்போது பலகையைத் தட்டினால் தவறான இடத்தில் கிளிக் ஆகிவிடுமே?" என்பது இரண்டாவது. நல்ல கேள்வி. ஓடும்போது விரல் பட்டால் அதற்கு "நில்" என்றுதான் பொருள் கொள்ளவேண்டும். நின்ற பிறகு தட்டுவதுதான் கிளிக். உருளும் கோலியின்மேல் விரலை வைத்து நிறுத்துவது போலத்தான்.

"வேகமாக இழுத்தால் அம்புக்குறி அதிக தூரம் போகும்படி இப்போதே முடுக்கம் இருக்கிறதே, அது போதாதா?" என்பது மூன்றாவது. முடுக்கம் உண்டு, அது பயனுள்ளதுதான். அது உள்ள கணினியில் இழுப்புகளின் எண்ணிக்கை நான் சொன்னதைவிடக் குறையவும் கூடும். ஆனால் முடுக்கத்தை மிகவும் கூட்டினால், விரல் சற்று வேகமெடுத்தாலே அம்புக்குறி தாவிக் குதிக்கிறது. மேலும், முடுக்கம் விரல் பலகையில் இருக்கும் வரைதான் உதவும். உந்தமோ விரல் போன பிறகும் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து இருக்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

"ஒரு மவுஸ் வாங்கிக்கொள்ளட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். மவுஸ் வைக்க மேசை வேண்டுமே! பாயிலும் திண்ணையிலும் ரயில் பெட்டியிலும் படிப்பவர்களுக்கு அது எப்படிப் பதிலாகும்?

நான்காவது காரணம்தான் உண்மையில் வலுவானது. மென்பொருளில் ஒரு புதிய வசதியைச் சேர்ப்பது எளிது. காலமெல்லாம் அதைக் காப்பாற்றுவது கடினம். ஒவ்வொரு புதிய திருகும், ஏற்கெனவே இருக்கும் எல்லாத் திருகுகளோடும் சேர்ந்து சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பதிப்பிலும் சோதிக்கவேண்டும். அந்தச் சுமை அதைப் பராமரிக்கும் சிலர் தலையில் விழுகிறது. அவர்கள் தயங்குவதில் தவறில்லை. அதனால்தான் நான் கேட்பதும் சுருக்கமானது. ஒரு சுவிட்ச், ஒரு திருகு, அவ்வளவே. தொடக்கத்தில் அந்தச் சுவிட்ச் மூடியே இருக்கட்டும்.

யாருக்காகக் கேட்கிறோம்?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த விழாவில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டத்தைத் தொடங்கியது. நூம்பலும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2025 மார்ச் மாத வரவு செலவுத் திட்டத்தில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இந்த மாணவர்களில் எத்தனையோ பேருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. அவர்கள் விரல் முதன்முதலாகத் தொடுவது மவுஸை அன்று, தொடுபலகையைத்தான். இத்தனை லட்சம் விரல்கள் தினமும் தேய்க்கும் ஒரு பரப்பைப் பற்றிக் கேள்வி கேட்பது சின்ன விஷயமா?

மூட்டு வலியால் விரலை மடக்கவும் தூக்கவும் சிரமப்படுபவர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு ஒவ்வோர் இழுப்பும் ஒரு வலி. அதே சமயம், கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த உந்தமே தொல்லையாகலாம். அவர்கள் விரும்பாதபோதும் அம்புக்குறி ஓடக்கூடும். ஆகவேதான் எல்லார்மீதும் இதைத் திணிக்கக்கூடாது என்கிறேன். எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பைத் தைப்பதில்லை அல்லவா? கருவி மனிதனுக்கு ஏற்ப வளைய வேண்டுமே தவிர, மனிதன் கருவிக்கு ஏற்ப வளையக்கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

"நாங்கள் பள்ளி மாணவர்கள். நாங்கள் கேட்டால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?" என்று நினைக்காதீர்கள். இதில் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்குத் தரலாம். பாஸ் என்னும் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் இப்படிப்பட்ட ஒரு லினக்ஸ் தொகுப்புதான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதைத் தன் சென்னை மையத்தில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007இல் வெளியாயிற்று. ஆகவே இயங்குதளம் என்பது எங்கோ கடல் கடந்து மட்டுமே தயாராகும் மாயப் பொருள் அன்று. நம் ஊரிலும் அதைத் தொகுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கோரிக்கை வைப்பதிலும் ஓர் அறிவியல் முறை உண்டு. "தொடுபலகை மோசம்" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். நான் என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எந்தக் கணினி, எந்தப் பதிப்பு என்ற விவரங்களைத் தெளிவாக எழுதவேண்டும். அதோடு அளவீடும் இருந்தால் இன்னும் நல்லது.

அளவீட்டை நீங்களே செய்யலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைதான் மொழி இருக்கிறது. உங்கள் பள்ளியின் மூத்த மாணவர்களையும் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு பந்தை வரைந்து, மேலே சொன்ன 97 சதவீத விதிப்படி அதை ஓடவிடும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள். பிறகு திரையின் இரு ஓரங்களிலும் இரண்டு வட்டங்களை வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பந்தைக் கொண்டுசெல்ல எத்தனை இழுப்பு, எத்தனை வினாடி ஆகிறது என்று உந்தத்தோடு இருபது தடவையும், உந்தம் இல்லாமல் இருபது தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நண்பர்களை வைத்துச் செய்தால் ஓர் அருமையான அறிவியல் கண்காட்சித் திட்டம் தயார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உந்தம் வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அளவீடு அதற்கு மாறாகவும் வரலாம். இழுப்பு குறைந்து, குறி தவறுவது கூடியிருக்கலாம். அப்படி வந்தால் அதையே மறைக்காமல் எழுதுங்கள். எந்த அளவு உராய்வில் நேரம் மிகவும் குறைகிறது என்று தேடுங்கள். விரலைத் தூக்கும் கணத்தில் தொடும் பரப்பு சற்று உருண்டு, கடைசி அளவு பிசகாக வரக்கூடும் என்பதால், கடைசி ஐந்து அளவுகளின் சராசரியை எடுத்தால் திருந்துகிறதா என்று பாருங்கள். கருத்தை அளவீடு திருத்தவேண்டும். அளவீட்டைக் கருத்து திருத்தக்கூடாது.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது; காஞ்சிபுரத்திலும் இருக்கிறது. தமிழில் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. உங்கள் அட்டவணையோடு அவர்களை அணுகுங்கள். கோரிக்கையை எங்கே, எப்படி அனுப்புவது என்று வழி காட்டுவார்கள். முதல் தடவையே ஏற்றுக்கொள்ளப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள்; திருத்திக்கொண்டு மறுபடியும் போங்கள்.

இந்தக் கட்டுரையை முடிக்கும்போது எதிர் வீட்டுக் கூடத்தில் அந்த மாணவி இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கையில் கிடைத்த கருவி எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் நம்மில் பலரைப்போல் அவளும் அப்படியே பழகிவிட்டாள். நாளை மாலை அவள் வீட்டுக்குப் போய், கேரம் பலகையையும் மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த 97 சதவீதக் கணக்கை அவளையே போடச் சொல்லப்போகிறேன். அவள் கணக்கைப் போட்டு முடித்ததும், கோரிக்கைக் கடிதத்தையும் அவளே எழுதட்டும். நீங்களும் உங்கள் ஊரில் தொடங்குங்களேன்!